கிளேனியின் நட்சத்திரம்

பொறியியல் கல்லூரியில் கணினி படித்த யாரிடமாவது ‘டிஓசி’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பெருமூச்சு வரும். தியரி ஆஃப் கம்ப்யூடேஷன். வட்டம் வட்டமாகப் போட்டு, அம்புக்குறி இழுத்து, கடைசி வட்டத்துக்கு மட்டும் இரட்டைக் கோடு போடுகிற பேப்பர். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பம்பிங் லெம்மாவை உருப்போட்டு, காலையில் எழுதிவிட்டு, சாயங்காலமே மறந்துவிடுவது மரபு. “இதப் படிச்சு என்னங்க பண்றது? இன்டர்வியூல யாரும் கேக்கறதில்ல, வேலையில யாரும் தொடறதில்ல” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், “அடிப்படை தெரிஞ்சிருக்கணும்ல.” அது பதிலே இல்லை.

எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஒரு வரலாறு. ஒரே ஒரு குறியின் வரலாறு. கீபோர்டில் எட்டாம் எண்ணுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன நட்சத்திரம்: *. ‘இது எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்’ என்று அதற்குப் பொருள். 1951-ல் நரம்பு மண்டலம் பற்றிய ஓர் ஆய்வில் அது பிறந்தது. 1968-ல் கம்ப்யூட்டரில் வேலைக்குச் சேர்ந்தது. 1980-களில் வழி மாறிப் போனது. 2019-ல் ஒருநாள், இணையத்தின் ஒரு பகுதியை 27 நிமிடம் நிறுத்தி வைத்தது.

ஓடிவந்த பையன்

1942-ல் சிகாகோவில் இரண்டு பேர் சந்திக்கிறார்கள். ஒருவர் வாரன் மெக்கல்லக், நாற்பதைத் தாண்டிய நரம்பியலாளர், கவிதையும் எழுதுபவர். இன்னொருவர் வால்டர் பிட்ஸ், டெட்ராய்ட்டில் வீட்டைவிட்டு ஓடிவந்த பையன். இருபது வயதுகூட ஆகவில்லை. பிட்ஸைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பன்னிரண்டு வயதில் தெருப் பையன்களுக்குப் பயந்து நூலகத்தில் போய் ஒளிந்தவன், ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய ‘பிரின்சிபியா மேத்தமேட்டிகா’வை மூன்றே நாளில் படித்து முடித்தான், அதில் கண்ட சிக்கல்களை எழுதி ரஸ்ஸலுக்கே கடிதமும் போட்டான் என்று. போக்கிடம் இல்லாத அந்தப் பையனை மெக்கல்லக் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து 1943-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் மையக் கருத்து எளிமையானது. ஒரு நரம்பு செல் ஒன்று துடிக்கும், இல்லையென்றால் சும்மா இருக்கும். பாதித் துடிப்பு கிடையாது. அப்படியானால் ஒவ்வொரு நரம்பு செல்லையும் ‘உண்மை’ அல்லது ‘பொய்’ என்று சொல்லும் ஒரு வாக்கியமாக எடுத்துக்கொள்ளலாம். செல்களின் வலைப்பின்னலை ஒரு தர்க்கக் கணக்காக எழுதிவிடலாம். சிந்தனை என்பதைக் கோடும் புள்ளியுமாகத் தாளில் வரைய முடியும் என்று முதன்முதலாக இருவர் துணிந்து சொன்னார்கள்.

உயிரியலாகப் பார்த்தால் அந்த வரைபடம் ரொம்ப எளிமைப்படுத்தப்பட்டது. உண்மையான நரம்பு இவ்வளவு சமர்த்தாக நடந்துகொள்வதில்லை. 1959-ல் தவளையின் கண்ணைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வில் பிட்ஸே பங்கெடுத்தார். மூளைக்குப் போவதற்கு முன்னால் கண்ணே பாதி வேலையை முடித்துவிடுகிறது, அதுவும் அவர் நினைத்த சுத்தமான தர்க்க வழியில் இல்லை என்று அந்த ஆய்வு காட்டியது. பிட்ஸ் ஒடிந்துபோனார். தன் ஆய்வேட்டை எரித்தார், குடித்தார், 1969-ல் தனியாக இறந்துபோனார். அதே ஆண்டு, சில மாதங்கள் கழித்து, மெக்கல்லக்கும்.

ஆனால் கணிதத்துக்கு ஒரு குணம் உண்டு. எதற்காக எழுதினோமோ அதற்குப் பொருந்தாமல் போனாலும், வேறெங்கோ போய்ப் பொருந்தும். 1945-ல் வான் நாய்மன் ‘எட்வாக்’ கம்ப்யூட்டருக்கான வடிவமைப்பு அறிக்கையை எழுதியபோது, அதில் அவர் மேற்கோள் காட்டிய ஒரே வெளியீடு இந்த 1943-ம் ஆண்டுக் கட்டுரைதான்.

மூன்றே மூன்று செயல்கள்

1951 கோடைக்காலம். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ராண்ட் என்ற நிறுவனம். அமெரிக்க விமானப் படைக்காக ஆய்வு செய்ய உருவானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டீஃபன் கிளேனி என்ற தர்க்கவியலாளர் அந்தக் கோடைக்கு அங்கே வருகிறார். (இவர் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் ‘கிளீன்’ என்பார்கள். அவர் ‘கிளேனி’ என்று சொல்லிக்கொண்டார். அந்த உச்சரிப்பு உலகத்தில் எந்த மொழியிலும் இல்லை, அப்பாவே கண்டுபிடித்தது என்று அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.) மெக்கல்லக்–பிட்ஸ் கட்டுரை அவர் கைக்கு வருகிறது.

கிளேனி கேட்ட கேள்வி இது: இப்படி ஒரு நரம்பு வலை இருக்கிறது. அதில் இருப்பது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான செல்கள். வெளியிலிருந்து அதற்கு வரிசையாகச் சமிக்ஞைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த வலையால் எந்த மாதிரியான வரிசைகளை அடையாளம் காண முடியும்? எவற்றை முடியாது?

விடை மூன்றே செயல்களில் அடங்கிவிட்டது. ஒன்று, ‘இது அல்லது அது’. இரண்டு, ‘இதற்குப் பின்னால் அது’. மூன்று, ‘இது எத்தனை முறை வேண்டுமானாலும்’. இந்த மூன்றாவதற்குத்தான் கிளேனி நட்சத்திரக் குறியைப் போட்டார். இந்த மூன்றையும் கலந்து எழுதக்கூடிய எந்த வடிவத்தையும் ஒரு வலையால் கண்டுபிடிக்க முடியும். ஒரு வலை கண்டுபிடிக்கிற எந்த வடிவத்தையும் இந்த மூன்றை வைத்தே எழுதிவிட முடியும். இரண்டு திசையிலும் நிரூபணம் கொடுத்தார். அந்த வடிவங்களுக்கு ‘ரெகுலர்’ என்று பெயர் வைத்தார். பெயர் அவருக்கே அவ்வளவு பிடிக்கவில்லை போலிருக்கிறது. இதைவிட விளக்கமான சொல் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள் என்று கட்டுரையிலேயே கேட்டிருந்தார். எழுபது வருஷமாகியும் அந்தச் சொல்லே நிற்கிறது. அதனால்தான் இன்றைக்கும் அது ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’, செல்லமாக ‘ரெஜெக்ஸ்’.

விடையின் மறுபாதி, ‘எதை முடியாது’ என்பது. எனக்கு இந்தப் பாதிதான் அதிகம் பிடிக்கும். அடைப்புக்குறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்தவை எல்லாம் மூடப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். நம் இயந்திரத்துக்குப் பத்து நிலைகள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நினைவென்று வேறெதுவும் கிடையாது. இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பது மட்டும்தான் அதன் மொத்த ஞாபகம். திறக்கும் குறிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போவோம். பதினொன்று கொடுப்பதற்குள், ஏற்கெனவே நின்ற ஏதோ ஒரு நிலைக்கு அது திரும்பி வந்தே ஆக வேண்டும். பத்து நாற்காலியில் பதினோரு பேர் உட்கார முடியாது, அவ்வளவுதான். மூன்று குறிக்குப் பிறகும் ஏழு குறிக்குப் பிறகும் ஒரே நிலையில் நிற்கிறது என்று வைங்க. இனி அதற்கு மூன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று திறந்து மூன்று மூடினால் ‘சரி’ என்று சொல்லும் அந்த இயந்திரம், ஏழு திறந்து மூன்று மூடினாலும் ‘சரி’ என்றுதான் சொல்லும். பத்து நிலைக்குப் பதில் பத்துக் கோடி நிலை கொடுத்தாலும் இதே கதி.

பரீட்சைக்கு நாம் உருப்போட்ட பம்பிங் லெம்மாவுக்குள்ளே இருப்பது இந்த நாற்காலி யோசனைதான். ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய எச்டிஎம்எல் மாதிரி ஒன்றை, வெறும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை வைத்துச் சரிபார்க்க ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து முட்டிக்கொண்டிருந்தால், அவருக்குத் திறமை குறைவு என்று அர்த்தமில்லை. முடியாத ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார், அது முடியாது என்று 1950-களிலிருந்தே தெரியும்.

இந்த இடத்தில் ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளலாம். கிளேனியின் எளிய இயந்திரங்கள் கீழ்ப் படியில் இருக்கின்றன. உச்சியில் ஆலன் டூரிங் 1936-ல் வர்ணித்த இயந்திரம். அதற்கு முடிவில்லாத நாடா உண்டு, எழுதலாம், அழிக்கலாம், அடைப்புக்குறி என்ன, இன்றைய கம்ப்யூட்டர் செய்கிற எதையும் அதால் செய்ய முடியும். நடுப் படிகளை 1956-ல் நோம் சோம்ஸ்கி மொழி இலக்கணம் வழியாக வந்து வகுத்தார். மேலே ஏற ஏற சக்தி கூடும். ஆனால் ஒரு விலை உண்டு. உச்சிப் படியில், கொடுக்கப்பட்ட ஒரு புரோகிராம் எப்போதாவது நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்ல ஒரு வழியே இல்லை என்பதை டூரிங் நிரூபித்தார். கீழ்ப் படியில் நிலைமை நேர்மாறு: இயந்திரம் நிச்சயம் நிற்கும், ஓர் எழுத்துக்கு ஓர் அடி என்று நகரும், இரண்டு ரெகுலர் எக்ஸ்பிரஷன்களும் ஒன்றுதானா என்று கேட்டால்கூடத் தீர்மானமாகச் சொல்ல வழி உண்டு. மேலே சக்தி, கீழே உத்தரவாதம். டிஓசி என்ற பாடம் முழுவதும் இந்த ஒரு பேரத்தைப் பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1957 கோடையில் ஐபிஎம் ஆய்வகத்தில் மைக்கேல் ராபினும் டேனா ஸ்காட்டும் இதில் ஒரு புதிய யோசனையைச் சேர்த்தார்கள். ஓர் எழுத்தைப் பார்த்ததும் இயந்திரம் ஒரே ஒரு நிலைக்குத்தான் போக வேண்டுமா? இரண்டு மூன்று வழி இருந்து, அதில் ஏதாவது ஒரு வழி சரியாக முடிந்தால் போதும் என்று வைத்தால் என்ன? இப்படிச் செய்தாலும் கீழ்ப் படியைத் தாண்டுவதில்லை என்று காட்டினார்கள். 1959-ல் வந்த அந்தக் கட்டுரைக்கு 1976-ல் டூரிங் விருது கிடைத்தது. ஒரு சுவாரசியம்: கிளேனி, டூரிங், ராபின், ஸ்காட் நாலு பேருக்கும் முனைவர் பட்ட ஆய்வில் ஒரே வாத்தியார். பிரின்ஸ்டனில் இருந்த அலோன்சோ சர்ச்.

சந்துகளும் பிள்ளைகளும்

இதுவரை எல்லாம் தாளில். அதை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தவர் கென் தாம்ப்ஸன். பின்னாளில் யூனிக்ஸை உருவாக்கிய அதே தாம்ப்ஸன்தான். 1960-களின் பிற்பாதியில் பெல் ஆய்வகத்தில் ‘கியூஇடி’ என்ற எடிட்டரைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லைத் தேடு என்று மட்டும் சொல்லாமல், ஒரு வடிவத்தைத் தேடு என்று சொல்லும் வசதி அதில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். கிளேனியின் குறியீடு கைவசம் இருந்தது. 1968 ஜூனில் அதைப் பற்றி நாலே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்.

அந்த நாலு பக்கத்தின் உயிரான யோசனையை ஒரு தெருவை வைத்துச் சொல்கிறேன். தெரியாத ஊரில் ஒரு வீட்டைத் தேடுகிறீர்கள். ஒவ்வொரு முக்கிலும் இரண்டு சந்து பிரிகிறது. ஒரே ஆளாகப் போனால் என்ன செய்வீர்கள்? ஒரு சந்தில் கடைசிவரை போய், வீடு இல்லையென்றால் திரும்பி வந்து, அடுத்த சந்தில் நுழைவீர்கள். முக்குகள் கூடினால், பழைய முக்குக்கே வேறு வேறு வழியாகத் திரும்பத் திரும்ப வந்து, பார்த்த சந்தையே மறுபடியும் பார்ப்பீர்கள். இதற்குப் பேர் பேக்டிராக்கிங்.

இன்னொரு வழி உண்டு. ஒரு பிள்ளைக் கூட்டத்தை அனுப்புங்கள். முக்கு வந்தால் இரண்டாகப் பிரிந்து இரண்டு சந்திலும் ஒரே நேரத்தில் போகட்டும். எல்லாரும் ஒரு நேரத்தில் ஓர் அடி. ஒரே ஒரு விதி: இரண்டு பிள்ளைகள் ஒரே முக்கில் சந்தித்தால், ஒருவன் வீட்டுக்குப் போய்விடலாம். இனி இரண்டு பேரும் பார்க்கப்போவது ஒன்றைத்தானே, எதற்கு ரெண்டு பேர்? இந்த விதியால் ஊரில் எத்தனை முக்கு உண்டோ அதற்குமேல் பிள்ளைகள் ஒருபோதும் சேர மாட்டார்கள். தெரு எவ்வளவு நீளமானாலும் கணக்கு கட்டுக்குள் நிற்கும்.

‘அவன் வந்த வழி முக்கியமில்லை, இப்போது நிற்கிற இடம் மட்டும் போதும்’ என்று எப்படித் தைரியமாகச் சொல்ல முடிந்தது? கிளேனி நிரூபித்ததால். நிலைதான் மொத்த ஞாபகம். அடைப்புக்குறியை எண்ண முடியாமல் செய்த அதே பலவீனம், இங்கே பலமாக மாறுகிறது. ஞாபகம் இல்லாத பிள்ளைகள் என்பதால்தான் இரண்டு பேரை ஒருவராக்க முடிகிறது. முடியாமையைப் பற்றிய ஒரு தேற்றம், வேகத்தைப் பற்றிய ஓர் உத்தியாகிறது.

யூனிக்ஸ் வந்த பிறகு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஊரெல்லாம் பரவியது. அதற்கும் ஒரு கதை உண்டு. பெல் ஆய்வகத்தில் லீ மெக்மஹோன் என்பவர், அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக 1787–88-ல் புனைபெயரில் வெளியான ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில் எதை யார் எழுதினார்கள் என்று சொற்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கட்டுரைகள் மொத்தம் 85. அன்றைய சின்ன இயந்திரத்தின் எடிட்டருக்குள் அவ்வளவும் அடங்கவில்லை. தாம்ப்ஸன் எடிட்டரிலிருந்து தேடும் பகுதியை மட்டும் பிய்த்துத் தனிக் கருவியாக்கிக் கொடுத்தார் என்று சக ஊழியரான பிரையன் கெர்னிகன் நினைவுகூர்கிறார். அதுதான் கிரெப். இன்றைக்கும் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை தட்டுகிற கட்டளை. அந்தச் சின்னக் கருவியில் எல்லா வசதியும் இல்லை. 1970-களின் பிற்பாதியில் ஆல்ஃபிரட் ஏஹோ எழுதிய ‘ஈகிரெப்’ வந்தபோது, கிளேனியின் மூன்று செயல்களும் முழுசாக, கோட்பாடு சொன்ன வேகத்தோடு, பொதுப் புழக்கத்துக்கு வந்தன. ஏஹோ கோட்பாட்டுக்காரர், கம்பைலர் பற்றிய புகழ்பெற்ற பாடநூலின் ஆசிரியர்களில் ஒருவர். கோட்பாடு எழுதியவரும் கருவி செய்தவரும் ஒரே வராந்தாவில் நடந்துகொண்டிருந்த காலம் அது.

மறதி

அடுத்தது, வராந்தா பிரிந்த கதை.

1980-களின் நடுவில் பெல் ஆய்வகத்துக்குள் ஒரு நல்ல ரெகுலர் எக்ஸ்பிரஷன் நிரல்தொகுப்பு இருந்தது. வெளியாட்களுக்கு அது சுலபத்தில் கிடைக்காது. டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஸ்பென்ஸர் அதன் வெளித்தோற்றத்தை மட்டும் பின்பற்றி, உள்ளே எல்லாவற்றையும் தானே புதிதாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தார். பெரிய உதவி அது. ஆனால் உள்ளே அவர் தேர்ந்தெடுத்த முறை பேக்டிராக்கிங். தனி ஆள் சந்து சந்தாக அலையும் முறை. எழுத எளிது, சாதாரண வேலைக்கு வேகமாகவே இருக்கும். லேரி வால் உருவாக்கிய பெர்ல் மொழி அந்த வழியை எடுத்துக்கொண்டது. பெர்ல் 1990-களில் வலைத்தளங்களின் மொழியானது. பைத்தான், ஜாவா, ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் என்று பின்னால் வந்தவர்கள் பெர்லைப் பார்த்துச் செய்தார்கள்.

இதில் ஒரு காரணமும் இருந்தது. ‘முன்னால் வந்த அதே சொல் மறுபடியும் வருகிறதா’ என்று கேட்கும் ஒரு வசதியை எல்லாரும் விரும்பினார்கள். பேக்ரெஃபரன்ஸ் என்பார்கள். அது ரொம்ப உபயோகமானது. ஆனால் அதைச் சேர்த்த நிமிஷமே நாம் கிளேனியின் படியைவிட்டு மேலே ஏறிவிடுகிறோம். பெயர் மட்டும் ‘ரெகுலர்’, ஆள் ரெகுலர் இல்லை. வந்த வழியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை ஒன்றாக்க முடியாது. அந்த வசதியோடு கூடிய தேடல், வேகமான வழி யாருக்கும் தெரியாத என்.பி.-கம்ப்ளீட் கணக்குகளின் வரிசையில் சேர்ந்துவிடுகிறது. சக்தி கிடைத்தது, உத்தரவாதம் போனது. பேரம் போட்டது தப்பில்லை. பேரம் நடந்ததே பலருக்குத் தெரியாமல் போனதுதான் பிரச்சினை. அந்த வசதியைத் தொடாத சாதாரண வடிவங்களும் அதே மெதுவான இயந்திரத்தில்தான் ஓடின.

2007 ஜனவரியில் ரஸ் காக்ஸ் ஒரு கட்டுரையில் இதைப் போட்டு உடைத்தார். சோதனை எளிது. ‘அ?’ என்றால் ‘அ வரலாம், வராமலும் போகலாம்’. அப்படி 29 ‘அ?’, அதன் பின்னால் கட்டாயமாக 29 ‘அ’. தேட வேண்டிய உரையில் இருப்பது 29 ‘அ’ மட்டும். மனிதக் கண்ணுக்கு விடை உடனே தெரியும்: விருப்பப்பட்ட எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பொருந்தும். தனி ஆள் முறையோ ஒவ்வொரு ‘அ?’-விலும் ‘எடுக்கலாமா, விடலாமா’ என்று இரண்டு சந்தில் அலைகிறது. 29 முறை இரட்டித்தால் 53 கோடிக்கு மேல் வழிகள். பெர்ல் 60 விநாடிக்கு மேல் எடுத்தது. 1968-ல் தாம்ப்ஸன் சொன்ன முறையில் 20 மைக்ரோ விநாடி. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மேலே உள்ளது அச்சுப் பிழை இல்லை.

நாற்பது ஆண்டு பழைய, நாலு பக்கக் கட்டுரை ஒன்று, உலகமே பயன்படுத்திய கருவியை முப்பது லட்சம் மடங்கு வேகத்தில் முந்தியது. இயந்திரங்கள் வேகமாகிக்கொண்டே வந்த அதே நாற்பது ஆண்டில்!

27 நிமிடம்

‘சரி, இந்த மாதிரி விசித்திர வடிவத்தை நிஜத்தில் யார் எழுதப்போறாங்க?’ என்று கேட்கலாம்.

2016 ஜூலை 20. புரோகிராம் எழுதுகிற எல்லாரும் சந்தேகம் கேட்கப் போகும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்துவிட்டது. காரணம், வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன். யாரோ ஒருவர் போட்ட பதிவில், ஒரு வரியின் நடுவே சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன. இயந்திரம் முதல் வெற்றிடத்திலிருந்து ஆரம்பித்து 20,000-ஐயும் தாண்டி, அங்கே வரி முடியவில்லை என்று பார்த்து, திரும்பி வந்து இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தது, அப்புறம் மூன்றாவதிலிருந்து. மொத்தம் கிட்டத்தட்ட 20 கோடி சோதனைகள். அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் தெரிந்ததால் முகப்பே திறக்கவில்லை. முகப்பு திறக்கிறதா என்பதை வைத்தே சர்வர்களின் உடல்நிலையைப் பார்க்கும் ஏற்பாடு இருந்ததால், எல்லா சர்வரும் நோயாளி என்று ஒதுக்கப்பட்டன.

2019 ஜூலை 2, இந்திய நேரம் மாலை 7.12. கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனம், லட்சக்கணக்கான வலைத்தளங்களுக்கு முன்னால் காவல்காரன் மாதிரி நின்று, வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் சோதித்து உள்ளே விடுகிறது. அன்று தாக்குதல்களைப் பிடிக்க ஒரு புது விதியைச் சேர்த்தார்கள். சில நிமிடத்தில் உலகம் முழுக்க இருந்த அவர்களுடைய இயந்திரங்களின் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டது. அவர்கள் வழியாக ஓடும் போக்குவரத்தில் ஐந்தில் நான்கு பங்கு விழுந்தது. சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகைக்குள்ளேயே அவர்களால் நுழைய முடியவில்லை. அதுவும் அதே காவல்காரனுக்குப் பின்னால்தான் இருந்தது. சரியாக 27 நிமிடம் ஆனது.

அந்த விதியின் நடுவில் இருந்த விஷயம் இவ்வளவுதான்:

.*.*=.*

புள்ளி என்றால் ‘எந்த எழுத்தும்’. நட்சத்திரம் என்றால் ‘எத்தனை முறை வேண்டுமானாலும்’. எதுவோ, பிறகு எதுவோ, ஒரு சமக்குறி, பிறகு எதுவோ. கிளேனியின் நட்சத்திரம் மூன்று முறை. முதல் இரண்டு நட்சத்திரங்களும் ஒட்டி நிற்பதுதான் வில்லங்கம்: கிடைக்கிற எழுத்துகளை இருவரும் எப்படிப் பங்கிடுவது என்று, எல்லாப் பங்கீட்டையும் தனி ஆள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். கிளவுட்ஃப்ளேர் பிறகு வெளியிட்ட விளக்கத்தில் கணக்கே கொடுத்திருக்கிறார்கள். சமக்குறிக்கு முன்னும் பின்னும் ஓர் எழுத்து இருந்தால் 23 அடி. பின்னால் 20 எழுத்து இருந்தால் 555 அடி. சமக்குறியே இல்லாமல் வெறும் 20 எழுத்து என்றால், பொருந்தவில்லை என்று சொல்லவே 4,067 அடி.

அன்றைய நிறுத்தத்துக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் மட்டும் காரணம் இல்லை. சிபியு அளவுக்கு மீறிப் போகாமல் தடுக்கும் ஒரு பாதுகாப்பு சில வாரங்களுக்கு முன் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது. விதியைப் படிப்படியாக விடாமல் உலகம் முழுக்க ஒரேயடியாக விட்டார்கள். எல்லாவற்றையும் அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த விளக்கத்தில் தாம்ப்ஸனின் 1968-ம் ஆண்டுக் கட்டுரையும் வருகிறது: தீர்வு அப்போதே இருந்தது என்று. தேடும் இயந்திரத்தையே மாற்றுவதாகவும் அறிவித்தார்கள். ரஸ் காக்ஸ் கூகுளில் எழுதி 2010-ல் திறந்த மூலமாக வெளியான ‘ஆர்ஈ2’, அல்லது ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் நிரல்தொகுப்பு. இரண்டும் பேக்ரெஃபரன்ஸை விட்டுக்கொடுத்துவிட்டு, உரையின் நீளத்துக்கு ஏற்ற நேரத்துக்குள் முடிப்போம் என்ற உத்தரவாதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவை. ஏணியில் ஒரு படி இறங்கினார்கள். தெரிந்தே இறங்கினார்கள்.

இரண்டு பேத்திகள்

‘படிச்சு என்ன பண்றது’ என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லிப் பார்க்கிறேன். டிஓசி படித்தால் வேகமாகக் கோட் எழுத வராது. சம்பளம் கூடாது. ஆனால் கையிலிருக்கும் கருவி ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கும் கண் வரும். இந்த வேலைக்கு எவ்வளவு சக்தி தேவை, அதற்குமேல் சக்தி வாங்கினால் எந்த உத்தரவாதத்தை இழக்கிறோம் என்று கேட்கும் பழக்கம் வரும். இரண்டு நட்சத்திரம் ஒட்டி நிற்பதைப் பார்த்தால் விரல் ஒரு நிமிஷம் தயங்கும். அந்தத் தயக்கத்தின் விலை என்ன என்று 2019 ஜூலையில் தெரிந்தது.

இன்றைக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1943-ம் ஆண்டுக் கட்டுரைக்கு இரண்டு வம்சங்கள். ஒன்று கிளேனி வழியாக வந்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஆனது. இன்னொன்று, அந்த நரம்பு செல்லுக்குக் கற்றுக்கொள்ளும் திறனைக் கொடுத்தால் என்ன என்று 1950-களில் ஃபிராங்க் ரோசன்பிளாட் தொடங்கிய பாதையில் போய், பல கைமாறி, இன்று நாம் பேச்சுக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவாக வளர்ந்து நிற்கிறது. ஒரே பாட்டியின் இரண்டு பேத்திகள். ஒருத்திக்குச் செய்ய முடிந்தது கொஞ்சம்தான், ஆனால் சொன்னால் சொன்னபடி நடப்பாள். இன்னொருத்தி என்ன கேட்டாலும் செய்வாள், எதற்கும் கையெழுத்துப் போட மாட்டாள்.

இப்போது நம்மில் பலர் ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கையால் எழுதுவதில்லை. இரண்டாமவளிடம் கேட்டு வாங்கி அப்படியே ஒட்டுகிறோம். நல்லதுதான், எனக்கும் அது சௌகரியமாகவே இருக்கிறது. அவள் எழுதிக் கொடுக்கும் எந்த புரோகிராமும் சரியாக நிற்குமா என்று பொதுவாகச் சோதித்துச் சொல்ல வழி இல்லை. அதை டூரிங் 1936-லேயே சொல்லிவிட்டார். ஆனால் அவள் எழுதித் தருவது ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றால், சோதிக்க வழி உண்டு. அதை எந்த இயந்திரத்தில் ஓட்டினால் நிச்சயம் நேரத்துக்குள் முடியும் என்றும் தெரியும். சோதிக்க முடிந்ததையும் முடியாததையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் நடுவில் தேவை. அந்த ஆளைத் தயார் செய்யத்தான் அந்த வட்டங்களும், அம்புக்குறிகளும், இரட்டைக் கோடும்.